தரையிறக்கம் விரைவில்

நெய்யூர்
9 ஜூலை 2012

அன்புள்ள ததேயுஸுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது 'வான்கடல்' மன்றத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "பணிகள் முழு வேகத்தில் நடக்கின்றன" என்று போட்டிருக்கிறாய். முழு வேகத்தில் பணி செய்கிறவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது. நானும் சுகம்தான். கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணக் கார்டும் நினைவஞ்சலி ஃப்ளெக்ஸும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவுத் தபாலைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். வேறு வழி இல்லை. மன்றத்திலிருந்து என்னை நீக்கிவிட்டாய். மின்னஞ்சல் போட்டால் திரும்பி வருகிறது. போனில் உன் குரலுக்குப் பதிலாக ஒரு பெண் வந்து நீ தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாகச் சொல்கிறாள். தபால் துறையின் நிர்வாகம் மட்டும் இன்னும் உன் கைக்கு வரவில்லை.

நீக்கியதற்குக் காரணம், "சமூகத்தின் மனநிலையைக் குலைக்கும் கேள்வி" என்று எழுதியிருக்கிறாய். என் கேள்வியை நீயே எடுத்துப் பார். "தேதி என்ன?" அவ்வளவுதான். இரண்டே சொல்லில் ஒரு சமூகம் குலைகிறது என்றால் அதன் மனநிலையை முதலிலேயே ஆஸ்பத்திரியில் காட்டியிருக்க வேண்டும்.

ததேயுஸ், கடல் உங்கள் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு நீயும் உன் அம்மாவும் எங்கள் வீட்டு மாடியில் வந்து தங்கியிருந்த அந்த 2005ல், ஒரு பழைய கம்ப்யூட்டரில் நாம் இரண்டு பேரும் ஆரம்பித்த விளையாட்டு இது. விண்வெளியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகலாம், கிரகங்களைச் சுற்றலாம். யாரிடமும் காசு வாங்கவில்லை. இன்று ஷார்ஜா, டொராண்டோ, சிங்கப்பூர் என்று தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிற இடமெல்லாம் ஓட்டுகிறார்கள். ஒரே குறை, எந்தக் கிரகத்திலும் கப்பல் இறங்காது. அதற்குத்தான் நீ "தரையிறக்கம் விரைவில்" என்று ஈஸ்டருக்குச் சொன்னாய், மாதா திருநாளுக்குச் சொன்னாய், கிறிஸ்மஸுக்கும் சொன்னாய். "வரும் வெள்ளிக்கிழமை ஒரு அறிவிப்பு வரும்" என்று ஒரு அறிவிப்பு வெளியிட்டாய். அந்த வெள்ளிக்கிழமை, அறிவிப்பு தள்ளிப்போவதாக அறிவித்தாய். "விரைவில்" முந்தியா "மிக விரைவில்" முந்தியா என்று மன்றத்தில் இரண்டு கட்சி அடித்துக்கொள்கிறது.

மே மாதம் ஒரு படம் போட்டாய். அடியில் பழுப்பாக ஒரு பட்டை. அது செவ்வாயின் மணல் என்று பொறுமைக் கட்சியும், வேறு ஏதோ கிரகம் என்று தேதிக் கட்சியும் மாதக்கணக்கில் எழுதின. டொராண்டோக்காரர் ஒருவர் அதன் ஈரப்பதத்தையே கணக்கிட்டுவிட்டார். நான் பேசாமல் இருந்தேன். அது எங்கள் வீட்டு மேஜையின் விளிம்பு. நீங்கள் இங்கிருந்து கிளம்பும்போது எங்கள் அம்மா கொடுத்துவிட்ட மேஜை.

தரையிறக்கத்தை நானே எழுதி முடித்துப் போன வருடம் உனக்கு அனுப்பினேன். உன் அப்பா வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவருவாரே, அந்த முறையில். நீ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே "விரைவில்" என்று அறிவித்தாய். மன்னித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். பிறகு யோசித்ததில், அதற்கும் ஒரு தேதி வைக்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு என் தோத்திரங்கள்.

உன்
ஆன்ட்ரூஸ்

*

திருவனந்தபுரம்
20 ஜூலை 2012

அன்புள்ள ஆன்ட்ரூஸ்,

தபால் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது தபால்காரர், "வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டார். படித்த பிறகு அவருக்கு அனுபவம் அதிகம் என்று தெரிந்தது.

நிர்வாகி என்ற முறையில் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன. வான்கடல் தரத்தில் சமரசம் செய்யாது. தரையிறக்கத்தை அவசரமாக வெளியிட்டு அரைகுறையாக விடுவதைவிடக் காத்திருப்பது நல்லது என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் கருதுகிறார்கள். நீ அனுப்பியது திட்டத்தின் போக்குக்கு ஒத்து வரவில்லை.

இனி உன் சினேகிதனாக எழுதுகிறேன். ஏலே, அலுவலகத்தில் நாள் முழுக்க எவனோ ஒருவனுடைய மென்பொருளுக்கு உழைத்துவிட்டு வந்து இதில் உட்காருகிறேன். திறந்தால் உன் கேள்வி. மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்தாலும் உன் கேள்வி. ஷார்ஜாக்காரன் கேட்டால் அவனுக்கு என்னைத் தெரியாது என்று விட்டுவிடலாம். நீ கேட்டால் எப்படிலே விடுவேன்?

வீட்டில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். பெண் முட்டத்துக்காரி. பெயர் அபினா, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறாள். அம்மையின் பிடிவாதம்தான், ஆனால் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆகஸ்டு ஐந்தாம் தேதி குளச்சலில் எங்கள் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். கார்டு மார்த்தாண்டத்தில் கொடுத்தாயிற்று. உனக்கு வேலை அதிகம் என்று கேள்விப்பட்டதால் தொந்தரவு தரவில்லை.

இனித் தபால் அனுப்ப வேண்டாம். இங்கே எல்லாம் நன்றாகவே நடக்கிறது.

ததேயுஸ்

*

நெய்யூர்
13 ஆகஸ்டு 2012

அன்புள்ள ததேயுஸுக்கு,

கல்யாணச் செய்தி அறிந்து மகிழ்ந்தேன். கார்டு மார்த்தாண்டத்தில் கொடுத்தது அறிந்து இன்னும் மகிழ்ந்தேன். அந்த அச்சகக்காரன் எழுத்துப்பிழைக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

உங்கள் ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்கப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார்கள். நேற்று இரண்டாம் ஓலைக்கு நான் வந்து கடைசி வரிசையில் இருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. உன்னைப் பற்றிய அறிவிப்புகளில் மறுமொழி எழுத இடம் திறந்திருப்பது இது ஒன்றுதான்.

ஆகவே மறுப்புத் தெரிவித்துவிட்டேன்.

பங்குத்தந்தை பூசை முடித்து வராந்தாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உபதேசியார் சூசைமிக்கேல் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றார்.

"நீ எந்தப் பங்கு?"

"நெய்யூர் சி.எஸ்.ஐ., ஃபாதர்."

"சி.எஸ்.ஐ.க்காரனுக்கு எங்க ஓலையில என்ன காரியம்?"

"தடை அறிஞ்சவங்க தெரிவிக்கணும்னுதானே வாசிச்சிய. கத்தோலிக்கர் மட்டும்னு வாசிக்கல்லியே."

அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "பொண்ணு விசயமா?"

"இல்ல ஃபாதர்."

"முறை கிறை இடிக்குதா?"

"அதும் இல்ல."

"பின்ன என்னவாக்கும் தடை?"

"இவன் தேதி சொல்லி ஏமாத்துவான் ஃபாதர். வருசக்கணக்கா சொல்லிக்கிட்டு வாறான். ஈஸ்டர்னான், கிறிஸ்மஸ்னான்."

"யாருட்ட சொன்னான்?"

"என்ட்டயும் சொன்னான். ஷார்ஜாவுல ஆள் உண்டு. டொராண்டோவுல உண்டு. சிங்கப்பூர்ல ஒரு கூட்டமே உண்டு. எல்லாரும் இவன நம்பிக் காத்துக் கிடக்காவ."

சூசைமிக்கேல் சாம்பார் வாளியைத் தரையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஃபாதருக்கு விளக்கமாகவே சொன்னேன். இது கம்ப்யூட்டர் விளையாட்டு, கப்பல் தரையிறங்குவதுதான் விசயம் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முழுதும் கேட்டார். உபதேசியார் மட்டும் சிங்கப்பூர் வரை கேட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.

"திருச்சபைச் சட்டப்படி இது தடையே இல்ல மக்கா," என்றார் ஃபாதர். "ஆனா நீ மறுப்புன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்துட்டியே. இத விசாரிக்காம மூணாம் ஓலைய நான் வாசிக்க முடியாது."

நான் படி இறங்கும்போது கூப்பிட்டார். "சரி, அந்தக் கப்பல் எப்பம் இறங்குமாம்?"

"விரைவில் ஃபாதர்," என்றேன்.

உன்
ஆன்ட்ரூஸ்

*

குளச்சல்
18 ஆகஸ்டு 2012

ஏலே ஆன்ட்ரூஸ்,

லீவு போட்டு ஊருக்கு வந்து இதை எழுதுகிறேன். உனக்கு இது விளையாட்டாக இருக்கிறது. இங்கே வந்து பார்.

மறுப்பு வந்தால் அது பெண் விவகாரம்தான் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேறு காரணத்துக்காக ஓலை நின்றதாகச் சரித்திரமே இல்லை. உபதேசியார் ஷார்ஜாவில் ஒருத்தி, கனடாவில் ஒருத்தி, சிங்கப்பூரில் பல பேர் என்று கோயில் முற்றத்தில் தொடங்கி வைத்தார். மீன் ஏலக் கூடத்துக்கு வந்து சேரும்போது சிங்கப்பூர்க்காரிக்கு என் சாயலில் பிள்ளையும் பிறந்திருந்தது. ஏலம் விடுகிற பூங்கனி அக்கா என்னை நிறுத்தி, "நீ திருவனந்தபுரத்தத் தாண்டியே போகல்லியேடே, இதெல்லாம் எப்பம் நடந்து?" என்று உண்மையாகவே கேட்டாள். நான் கம்ப்யூட்டரில் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அம்மை சாப்பிடவில்லை. நேற்று வாயைத் திறந்தாள். "அந்தக் கனடாக்காரிக்கு வயசு என்ன மக்கா?" என்றாள். பிறகு, "நம்ம வேதக்காரிதானே?" என்றாள். அபினாவின் மாமன் ஜீப்பில் ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். விளையாட்டைத் திறந்து காட்டினேன். வெறும் இருட்டும் நட்சத்திரமும் தெரிந்தது. "இதுல பொம்பளைய எங்க ஒளிச்சு வச்சிருக்கே?" என்றான்.

நாளை மூன்றாம் ஓலை இல்லை. இது போதுமா உனக்கு?

நானும் சும்மா இருக்கவில்லை. மன்றத்தில் நீ எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன். நட்சத்திரங்களுக்கு நீ வைத்த பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எழுதிய குறிப்புகள், புதிதாக வருகிறவர்களுக்கு எழுதிய பாடங்கள் எல்லாம் போயிற்று. பேச்சிப்பாறை என்று ஒரு நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்தாயே, அதற்கு இப்போது வெறும் எண். நம் ஏழு வருடம் அது. அழிக்க ஒரு பொத்தான் போதுமாக இருந்தது.

மறுப்பைத் திரும்ப வாங்கு.

ததேயுஸ்

*

நெய்யூர்
21 ஆகஸ்டு 2012

அன்புள்ள ததேயுஸுக்கு,

அழித்தது குறித்துத் தகவல் தந்ததற்கு நன்றி. ஒரு காரியத்தை நீ சொல்லாமலே செய்து முடித்தது இதுதான் முதல் முறை. அந்த வேகம் உன்னிடம் இருப்பது தெரியாமல் போயிற்று.

அம்மா சாப்பிடவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தபோது எங்கள் அம்மா வைக்கும் நெத்திலிக் குழம்பு அவர்களுக்குப் பிடிக்கும். கொடுத்தனுப்பலாம் என்றால், எந்த முகவரிக்கும் என்னை அனுமதிப்பதில்லை.

மறுப்பைத் திரும்ப வாங்க எனக்குத் தடை இல்லை. ஆனால் அறிவிப்புப் பக்கத்தில், உன் பெயரில், உண்மையை எழுத வேண்டும். தரையிறக்கம் என்று ஒன்று உன்னிடம் இல்லை, அதை நீ தொடங்கவே இல்லை, இனித் தொடங்கப்போவதும் இல்லை. இவ்வளவுதான். "விரைவில்" என்ற சொல் வரக் கூடாது. "தரம்" என்ற சொல்லும் வேண்டாம். படம் எதுவும் போடாதே, குறிப்பாக எங்கள் மேஜையை.

அது வெளியான மறுநாள் காலையில் நான் ஃபாதரின் வராந்தாவில் இருப்பேன்.

கடைசியாக ஒன்று. உன் அப்பா மரியஜான் மாமா என்னை ஒருமுறை வள்ளத்தில் கூட்டிப்போனார். திரும்பும்போது அலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, சின்ன அலைகளையெல்லாம் போகவிட்டு, பெரிய அலை ஒன்று வந்ததும் அதன் முதுகில் ஏற்றிக் கரையில் கொண்டு வைத்தார். முழங்காலுக்கு மேல் ஒரு சொட்டு நனையவில்லை. அவர் மகன் கரைக்கே வராத கப்பலைக் கட்டிவிட்டு ஊருக்கெல்லாம் தேதி சொல்கிறான். அவர் இருந்தால் உன்னை என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உன்
ஆன்ட்ரூஸ்

*

குளச்சல்
24 ஆகஸ்டு 2012

ஆன்ட்ரூஸ்,

அறிவிப்பை நேற்றுப் போட்டுவிட்டேன். மன்றத்துக்குள் அனுமதி இல்லாததால் அதன் அடியில் வந்த மறுமொழிகள் உனக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

"வான்கடலில் தரையிறக்கம் இல்லை. ஏழு வருடமாகத் தருவதாகச் சொன்னேன். அதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், முடியவில்லை. இனியும் எழுத மாட்டேன். தேதி கேட்டவர்கள் கேட்டது நியாயம். ததேயுஸ்."

அடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று நினைத்து, அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டாய்.

"ததேயுஸ் அண்ணன் இப்படி எழுதுகிறார் என்றால் பெரிதாக எதுவோ வருகிறது" என்றார் முதலில் வந்தவர். "எதிர்பார்ப்பைக் குறைத்துவிட்டுத் திடீரென்று வெளியிடுவார், அவர் பாணி அது" என்றார் இன்னொருவர். எனக்கு ஒரு பாணி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. டொராண்டோக்காரர் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் கூட்டிப் பார்த்து, அதில் டிசம்பர் வருகிறது, இரண்டு எழுத்து மட்டும் இடிக்கிறது என்று வரைபடத்தோடு எழுதியிருக்கிறார். தேதிக் கட்சியும் பொறுமைக் கட்சியும் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து டிசம்பருக்குக் காத்திருக்கின்றன. ஷார்ஜாவில் பிரியாணி விருந்து ஏற்பாடாகிறது. இல்லை, உண்மையாகவே இல்லை என்று நான் மறுபடி எழுதினேன். சிரிக்கிற படங்களாகப் போட்டார்கள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நீ செய்ய வேண்டியதைச் செய்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு இப்போது பதில் எழுதவில்லை.

ததேயுஸ்

*

நெய்யூர்
27 ஆகஸ்டு 2012

அன்புள்ள ததேயுஸுக்கு,

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை வந்து மறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஃபாதர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் புட்டு. உபதேசியார் மட்டும் வாசல் வரை கூடவே வந்து, "சிங்கப்பூர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாவளா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டார்கள் என்றேன். நேற்று மூன்றாம் ஓலை வாசித்ததாகக் கேள்வி. மகிழ்ச்சி.

உன் அறிவிப்பை நம்பாதவர்களுக்கு உண்மையை விளக்கலாம் என்று வேறு பெயரில் மன்றத்தில் சேர்ந்தேன். தரையிறக்கம் இல்லை என்று அவரே சொல்கிறாரே, இருந்தது ஒன்றுதான், அது நான் எழுதியது, அதையும் அவர் திறக்கவில்லை என்று எழுதினேன். என் நடையை வைத்து உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பொறாமைக்காரன் என்றார்கள். அவநம்பிக்கை வியாபாரி என்றார்கள். வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். என் பக்கம் விழுந்த ஒரே வாக்கு யாருடையது என்று தெரியவில்லை. என்னுடையதை நான் போடுவதற்குள் நீக்கிவிட்டார்கள்.

ஆக, நீ பொய் சொன்னபோது உன்னை நம்பினார்கள். உண்மை சொன்னபோதும் உன்னையே நம்புகிறார்கள். நான் இரண்டு தடவையும் வெளியே. இதில் எனக்குக் கிடைத்தது என்ன என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்து, பிறகு ஒரு கிரகப்பிரவேசக் கார்டு வந்ததால் எழுந்துவிட்டேன்.

போகட்டும். எட்டு வருடத்துச் சினேகிதம். கல்யாணத்துக்கு வருவேன், அம்மாவும் வர ஆசைப்படுகிறார்கள். புதுச் சேலை எடுத்தாயிற்று.

தேதி என்ன?

உன்
ஆன்ட்ரூஸ்

*

குளச்சல்
3 செப்டம்பர் 2012

ஆன்ட்ரூஸ்,

கார்டு இதோடு இருக்கிறது. உன் பிரதியில் மட்டும் நாளும் நேரமும் அச்சாகவில்லை. மார்த்தாண்டத்துக்காரனிடம் சொல்லி அந்த இடத்தில் வேறு ஒன்று அடிக்கச் சொன்னேன். "விரைவில்" என்று இருக்கும். எழுத்துப்பிழை இல்லை, பார்த்துக்கொள்.

ததேயுஸ்

*

நெய்யூர்
21 செப்டம்பர் 2012

அன்புள்ள ததேயுஸுக்கு,

கார்டு கிடைத்தது. தாள் நல்ல தாள். நகைச்சுவையை ரசித்தேன். சரியான தேதியோடு இன்னொன்று வரும் என்று காத்திருந்தேன்.

நேற்று வடசேரி பஸ் ஸ்டாண்டில், குளச்சல் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினாள். கையில் கல்யாணப் பை. அதில் உன் பெயரும் அபினாவின் பெயரும், கீழே பெரிய எழுத்தில் செப்டம்பர் 17 என்றும் இருந்தது. அவள் அதில் கத்தரிக்காய் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டேன். "கொள்ளாம், நல்லாத்தான் இருந்து. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுலேர்ந்து எவளும் வரல்ல," என்றாள்.

வாசலில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா அந்தச் சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள். இதை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்னை அழைக்காதது சரி. அம்மா உனக்கு என்ன செய்தார்கள்? கணக்குத் தீர்ந்துவிட்டது என்றாவது ஒரு வரி எழுது.

உன்
ஆன்ட்ரூஸ்

*

குளச்சல்
1 அக்டோபர் 2012

ஆன்ட்ரூஸ்,

உன் அம்மாவைப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் அபினாவும் வந்து பார்த்தோம். நீ கடையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தோம். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர்கள் வாக்குக் காப்பாற்றுகிறவர்கள்.

உன் மறுப்பு வந்த வாரம் அபினா தன் அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்தை முறித்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அம்மை சமையலறைக்குள் போய்விட்டாள். கனடாவைப் பற்றி அபினா ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளையாட்டைத் திறக்கச் சொல்லி, உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். வியாழன் பக்கம் போனாள், சுற்றினாள், திரும்பி வந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு, "ஏன் எங்கயும் இறங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

ஏழு வருடத்தில் ஆயிரம் பேர் எப்போது என்று கேட்டார்கள். ஏன் என்று கேட்டது அவள் ஒருத்திதான். சொன்னேன். சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டை மீறி உள்ளே போன இரண்டு பேருக்கு அலை வந்ததே தெரியாது, மத்தியானம் மீனோடு திரும்பி வந்தார்கள். கரையில் நின்றவர்கள்தான் போனார்கள். அதனால்தான் நான் கட்டின கப்பலில் யாரும் கரைக்கு வர வேண்டியதில்லை. உட்கார்ந்து கரையை வரைய ஆரம்பிப்பேன். கோடு போட்டதும் அதில் ஆள் நிற்பது போலத் தோன்றும். எழுந்துவிடுவேன். மறுநாள் கேட்பார்கள், விரைவில் என்று சொல்வேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் உனக்குப் புதிதில்லை. உங்கள் மாடியில் நான் கடல் இருக்கிற பக்கத்து ஜன்னலைத் திறக்காமல் படுத்திருந்த நாட்களில் நீ பக்கத்துப் பாயில் கிடந்தாய். யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். ஷார்ஜாக்காரனுக்கும் டொராண்டோக்காரனுக்கும் தெரியாது, அவர்கள் தேதி கேட்டார்கள். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாய். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் கேட்டாய்.

நீ எழுதிய தரையிறக்கத்தைக் கல்யாணத்துக்கு மறுநாள் திறந்தேன். அபினா கூட இருந்தாள். கப்பல் அலைக்கு வெளியே நின்றது. சின்ன அலைகளைப் போகவிட்டது. பெரியது வந்ததும் அதன் முதுகில் ஏறிக் கரையில் வந்து உட்கார்ந்தது. அப்பாவின் கைதான். ஒரு குறையும் இல்லை. இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவன் அந்தக் கடிதத்தையும் எழுதினான் என்பதுதான் எனக்குச் சரியாக வரவில்லை. மூடிவிட்டேன். இனித் திறக்க மாட்டேன்.

நீ கணக்கைத் தீர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். தீர்த்துவிட்டேன். வான்கடல் இனி உன்னுடையது. விளையாட்டு, மன்றம், அறிவிப்புப் பக்கம் எல்லாம். கடவுச்சொல் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. உன்னை வாக்குப் போட்டு நீக்கியவர்கள் அத்தனை பேரையும் உனக்கே தந்திருக்கிறேன். இன்று காலை என் கடைசி அறிவிப்பையும் போட்டுவிட்டேன்:

"இன்று முதல் வான்கடலின் பொறுப்பு முழுவதும் நெய்யூர் ஆன்ட்ரூஸ் அவர்களுடையது. தரையிறக்கம் அவர் கையில். விரைவில்."

போட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அடியில் ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். உன் கடை முகவரியையும் கொடுத்திருக்கிறேன், இனித் தபாலிலும் கேட்பார்கள்.

நான் கேட்க மாட்டேன்.

மரியஜான் மகன்
ததேயுஸ்